பாட்டிமாரின் பெருமிதம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் எண்ணி மூத்த பெண்கள் கொள்ளும் பெருமிதத்தைப் பற்றி எழுதுமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் மகிழ்ச்சியும் இருந்தது, மனத்தாங்கலும் இருந்தது. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். எழுதியவர்களின் பெயரை விடுத்து ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உப்பளத்தில் வேலை பார்த்தவள். கையெழுத்துப் போட மட்டும் தெரியும். இந்தக் கடிதத்தையும் நான் சொல்லச் சொல்ல என் பேத்திதான் எழுதுகிறாள். என் மகன் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். அவன் மகள் இப்போது பொறியியல் பட்டம் வாங்கப் போகிறாள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கும் முதல் ஆள் அவள்தான். பட்டமளிப்பு விழாவுக்கு ஆச்சி கட்டாயம் வரவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். அவளை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது. ஆனால், படித்தவர்கள் கூடும் இடத்தில் எனக்கு என்ன வேலை என்று கூச்சமாக இருக்கிறது. போகலாமா?
— வாசகி, தூத்துக்குடி

பதில்: அவசியம் போக வேண்டும், அம்மா. அந்த அரங்கில் உங்களைவிட உரிமையோடு உட்காரத் தகுந்தவர்கள் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள்.

உப்பளத்து வேலை எப்படிப்பட்டது என்பதைத் தூத்துக்குடிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்ற ஊர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கடும் உப்புநீரில் நாள் முழுவதும் நின்று உப்பு வாருவதாலும் சுமப்பதாலும் காலில் வெடிப்பும் புண்ணும் வருகின்றன. வெண்மையான பாத்திகளில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கிறது. வடகிழக்குப் பருவமழை இறங்கினால் வேலையும் நின்று கூலியும் நின்றுவிடுகிறது. அப்படிப்பட்ட மாதங்களிலும் பிள்ளையின் படிப்பை நிறுத்தாத ஒரு வீட்டில்தான் அடுத்த தலைமுறையில் ஒரு பொறியாளர் உருவாக முடியும். மகனை நீங்கள் உப்பளத்துக்கு அழைத்துக்கொண்டு போயிருந்தால் அன்றைக்கு வீட்டுக்கு இன்னொரு கூலி வந்திருக்கும். நீங்கள் அவரைப் பள்ளிக்கு அனுப்பினீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்த தந்தைக்குத்தான் மகளை எந்தப் பாடப்பிரிவில் சேர்ப்பது, விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்பது தெரிந்திருக்கும்.

உங்கள் பெருமையில் பொதுச் சமூகத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பதையும் மகிழ்ச்சியோடு நினைவில் கொள்ளுங்கள். காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவு, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தபோது, உங்களைப் போன்ற எத்தனையோ தாய்மாருக்குப் பிள்ளையின் ஒரு வேளைச் சோற்றுக் கவலை நீங்கியது. 2010-11ஆம் கல்வியாண்டு முதல், குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கலந்தாய்வு வழியாகச் சேரும் தொழிற்கல்விப் படிப்பில் கட்டணச் சலுகை கிடைக்கிறது. உங்கள் பேத்தி அரசுப் பள்ளியில் படித்தவராக இருந்தால், 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ₹1,000 பெற்றிருக்கவும் கூடும். இவையெல்லாம் உதவின. ஆனால், அந்த உதவியைப் பிடித்துக்கொண்டு ஏறுவதற்கு வீட்டுக்குள் ஒருவர் விடாப்பிடியாக நிற்க வேண்டியிருந்தது, அவர் நீங்கள்.

இனி நடைமுறைக்கு வருவோம். பல கல்லூரிகளில் ஒரு மாணவருக்கு இரண்டு விருந்தினர்களை மட்டுமே அனுமதிப்பது வழக்கம். ஆகவே அழைப்பிதழ் எத்தனை பேருக்கு என்பதைப் பேத்தி இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளட்டும். விழா பல மணி நேரம் நீளும். மருந்து வேளை தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே யாராவது "நீங்கள் யார்?" என்று கேட்டால், "பட்டம் வாங்கும் பிள்ளையின் ஆச்சி, உப்பளத்தில் வேலை பார்த்தேன்" என்று முழுவதுமாகச் சொல்லுங்கள். இரண்டாவது பாதியை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு இரண்டு பேரன்கள். நாத்தனார் மகன் மருத்துவம் படிக்கிறான். என் மகன் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படிப்பை முடித்து, ஒரு கடையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் வேலையில் இருக்கிறான். உறவினர் யார் வந்தாலும் மாமியார் மருத்துவப் பேரனைப் பற்றியே பேசுகிறார். என் மகன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். சென்ற தீபாவளிக்குப் பிறகு அவன் பாட்டி வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டான். மாமியார் கெட்டவர் அல்லர். அவனைத் தூக்கி வளர்த்தவரே அவர்தான். இதை எப்படிச் சொல்வது?
— வாசகி, ஈரோடு

பதில்: சகோதரி, உங்கள் மாமியாரைப் பற்றிக் குறைசொல்லும் இடத்திலும் நியாயத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அந்த நியாயம்தான் இந்தச் சிக்கலைத் தீர்க்கப் போகிறது.

அந்த அம்மாவின் தலைமுறைக்கு வெற்றி என்றால் என்ன என்பதை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பல பத்தாண்டுகளாகப் பொதுத்தேர்வு முடிவு வந்த மறுநாள் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் மாநில முதலிடம் பெற்ற மாணவரின் படம் வரும், தாயும் தந்தையும் இனிப்பு ஊட்டுவார்கள், "எதிர்கால இலட்சியம் என்ன?" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் "மருத்துவராவது" என்றே பதில் இருக்கும். ஆண்டுதோறும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதும் ஏறத்தாழ 8 லட்சம் பிள்ளைகளில் மிகச் சிலரை மட்டும் மேடையேற்றிய அந்த வழக்கம் மற்றவர்களை என்ன செய்கிறது என்பதை உணர்ந்து, 2017ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு அரசு அந்தத் தரவரிசைப் பட்டியலை வெளியிடுவதையே நிறுத்திவிட்டது. அரசு கைவிட்ட பட்டியலை நம் வீட்டுக் கூடங்களில் இன்னும் நாம் வாசித்துக்கொண்டிருக்கிறோம் என்பதே என் வருத்தம்.

ஒரு பேரனைப் பாராட்டுவதில் தவறில்லை. மருத்துவம் படிப்பது எளிதன்று. அந்தப் பிள்ளையின் உழைப்பும் மதிக்கத்தக்கதே. ஆகவே "அவனைப் பற்றிப் பேசாதீர்கள்" என்று மாமியாரிடம் சொல்ல வேண்டாம். அது பொறாமையாகத் தெரியும், பேச்சு அதோடு முறிந்துவிடும். குறை எங்கே இருக்கிறது என்றால், உங்கள் மகன் செய்யும் வேலையைப் பற்றிப் பேசுவதற்கு அவரிடம் சொற்கள் இல்லை. மருத்துவம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். எரிந்துபோன மோட்டாரின் பழைய கம்பிச் சுற்றை வெட்டி எடுத்து, எத்தனை சுற்று, எந்தப் பருமன் என்று அளந்து, தாள் வைத்துப் புதுக் காயில் இறக்கி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, மீண்டும் ஓடவைக்கும் வேலையின் நுட்பம் அவருக்குத் தெரிய வழியில்லை. உங்கள் பகுதியில் கிணற்று மோட்டாரும் விசைத்தறியும் ஓடாமல் ஒரு நாள் நின்றால் எத்தனை வீடுகள் தவித்துப் போகும் என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த இரண்டையும் அவர் மனத்தில் சேர்த்து வைக்க வேண்டும்.

இதை நீங்கள் சொல்வதைவிட உங்கள் கணவர் தம் தாயிடம் சொல்வது முறை. தனியாக உட்கார்ந்து, மற்ற பேரனின் பெயரையே எடுக்காமல், "அம்மா, அவன் வராததற்குக் காரணம் இதுதான். அவன் வேலையைப் பற்றி நாலு பேர் முன்னால் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிக் கேட்க வேண்டும் என்று காத்திருக்கிறான்" என்று நேராகச் சொல்லட்டும். முடிந்தால் ஒரு நாள் அவரைக் கடைக்கே அழைத்துச் சென்று பேரன் வேலை செய்வதைப் பார்க்கச் செய்யுங்கள். தூக்கி வளர்த்தவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கண்ணால் பார்த்தால் அவருக்குப் பேச்சு தானாக வரும் என்று நம்புகிறேன்.

உங்கள் மகனுக்கும் ஒரு வார்த்தை. தம்பி, பாட்டியிடம் போகாமல் இருப்பதால் உன் வருத்தம் அவருக்குப் புரியாது. போய்ச் சொன்னால்தான் புரியும்.

கேள்வி: பேரப்பிள்ளைகளைப் பற்றி வாய்விட்டுப் பாராட்டினால் கண்பட்டுவிடும் என்று எங்கள் வீட்டில் யாரும் எதையும் சொல்வதில்லை. மனத்துக்குள்ளேயே வைத்திருப்பதுதான் நல்லதா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: பக்கத்து வீட்டில் பிள்ளையில்லாதவர் இருப்பார், தேர்வில் தோற்ற பிள்ளையின் தாய் இருப்பார். அவர்கள் காதுபட நம் பெருமையை அடுக்காமல் இருக்க அந்தப் பழக்கம் உதவியது. அந்த அளவில் அதை நான் மதிக்கிறேன். ஆனால், ஊரார் முன் அடக்கமாக இருப்பது வேறு, பிள்ளையிடமே சொல்லாமல் விடுவது வேறு. பாட்டி தன்னைப் பற்றி என்ன நினைத்தார் என்பதை அவர் இறந்த பிறகு உறவினர் சொல்லித் தெரிந்துகொண்டவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். இரவில் திருஷ்டி சுற்றிப் போட வேண்டும் என்று தோன்றினால் சுற்றிப் போடுங்கள். அதற்கு முன் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, எது உங்களுக்குப் பெருமையாக இருந்தது என்று குறிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் அம்மாயி பெற்ற பிள்ளைகளைவிடப் பேரப்பிள்ளைகளிடம்தான் அதிகம் உருகுகிறார். அம்மாவிடம் கண்டிப்பு, எங்களிடம் கொஞ்சல். இதற்கு அறிவியல் விளக்கம் ஏதும் உண்டா?
— கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: உண்டு. உங்கள் அம்மா இந்தப் பதிலை அவசியம் படிக்க வேண்டும்.

அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்து எமரி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரில்லிங் என்ற மானிடவியலாளரின் குழு 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 3 முதல் 12 வயது வரையிலான பேரப்பிள்ளை உள்ள 50 பாட்டிமாரிடம் அவர்களுடைய பேரப்பிள்ளையின் படத்தையும், அந்தக் குழந்தையின் தாய் அல்லது தந்தையின் படத்தையும், அறிமுகம் இல்லாதவர்களின் படங்களையும் காட்டி, மூளையின் செயல்பாட்டை ஸ்கேன் கருவியால் பதிவு செய்தார்கள். பேரப்பிள்ளையின் படத்தைப் பார்த்தபோது, பிறர் உணர்வதைத் தாமும் உணரச் செய்யும் பகுதிகள் முனைப்பாக இயங்கின. குழந்தை சிரித்தால் பாட்டியும் அந்தச் சிரிப்பை உணர்கிறார், அழுதால் அந்த வலியையும் உணர்கிறார் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். வளர்ந்த மகனையோ மகளையோ பார்த்தபோது, அவர் என்ன நினைக்கிறார், ஏன் அப்படி நடந்துகொள்கிறார் என்று அறிவால் புரிந்துகொள்ள முயலும் பகுதிகள் கூடுதலாக இயங்கின.

ஐம்பது பேரை வைத்து எல்லாப் பாட்டிமாருக்கும் தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனாலும் இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஏனென்றால் உங்கள் அம்மாயிக்கு உங்கள் அம்மாவின் மேல் அன்பு குறைந்துவிட்டது என்று இது சொல்லவில்லை. வளர்ந்த மகளைத் தனக்கு நிகரான ஓர் ஆளாக எண்ணி, அவளுடைய முடிவுகளைப் புரிந்துகொள்ள ஓயாமல் முயன்றுகொண்டிருக்கிறார் என்று நான் இதை வாசிக்கிறேன். கண்டிப்பாகத் தெரிவது பல வேளைகளில் அந்த முயற்சிதான்.

பாட்டிமாரின் பாசத்துக்கு மனித வரலாற்றில் மிக ஆழமான வேர் இருக்கிறது என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. டான்சானியாவின் வடபகுதியில் வாழும் ஹட்சா மக்களிடையே கிறிஸ்டன் ஹாக்ஸ் என்ற மானிடவியலாளர், முதிய பெண்கள் கடினமான நிலத்தைத் தோண்டிக் கிழங்கு எடுப்பதைக் கவனித்தார். தாய்க்கு அடுத்த குழந்தை பிறந்து அவள் உணவு தேடுவது குறைந்த காலத்தில், மூத்த குழந்தையின் உடல் எடை பாட்டியின் உழைப்பைச் சார்ந்திருந்தது. பெண்கள் பிள்ளைப்பேற்றுக் காலத்துக்குப் பிறகும் நெடுநாள் வாழ்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்ற கருத்து அங்கிருந்து வளர்ந்தது. பின்லாந்திலும் கனடாவிலும் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த குடும்பங்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2004இல் வெளியிடப்பட்ட மற்றோர் ஆய்வு, 50 வயதுக்குப் பிறகு ஒரு பெண் வாழ்ந்த ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஏறத்தாழ இரண்டு பேரப்பிள்ளைகள் கூடுதலாகக் கிடைத்ததாகக் கண்டது. கடலிலும் இது உண்டு: ஓர்க்கா திமிங்கலங்களில் பாட்டி உயிரோடு இருக்கும் கூட்டத்தில், சால்மன் மீன் அரிதாகும் காலத்திலும் பேரக்குட்டிகள் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று 2019இல் தெரியவந்தது. உங்கள் அம்மாயி உங்களுக்கு ஊட்டிய ஒவ்வொரு கவளத்துக்கும் அவ்வளவு நீண்ட வரலாறு இருக்கிறது.

கேள்வி: பேரப்பிள்ளைகள் பலரும் புகழ்பெற்ற ஒரு பாட்டியை நம் வரலாற்றிலிருந்து காட்ட முடியுமா?
— வாசகர், மயிலாப்பூர்

பதில்: உங்களுக்கு மிக அருகிலேயே இருந்தார். சென்னை ஜார்ஜ் டவுனில் வாழ்ந்த வீணை தனம்மாள் (1867–1938). அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிக்கும்போது பெரும் வித்வான்களும் வந்து மூச்சடக்கிக் கேட்டார்கள். அவருடைய நான்கு மகள்களும் இசையில் தேர்ந்தவர்கள். மகள் காமாட்சியின் பெண்களான பிருந்தாவும் முக்தாவும் கர்நாடக இசையின் மிகக் கனமான பாணிக்கு உரியவர்களாக மதிக்கப்பட்டார்கள். மகள் ஜெயம்மாளின் பிள்ளைகளுள் மூவர் புகழ்பெற்றார்கள்: பரதநாட்டியத்தின் சிகரமான பாலசரஸ்வதி, மிருதங்கம் வாசித்த ரங்கநாதன், புல்லாங்குழல் இசைத்த விஸ்வநாதன்.

இந்தக் குடும்பத்தை நான் எடுத்துச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. பாலசரஸ்வதி 1925இல் ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறியபோது, அந்தக் கலைக்கும் அதைக் காத்துவந்த தேவதாசிக் குலப் பெண்களுக்கும் சமூகத்தில் மதிப்பு சரிந்துகொண்டிருந்தது. பெண் ஆடத்தான் வேண்டுமா என்ற கேள்வி வெளியிலிருந்து ஓங்கி ஒலித்த காலத்தில் அந்த வீட்டுக்குள் கலை நிற்காமல் தொடர்ந்தது. பாலசரஸ்வதிக்கு 1973இலும் பிருந்தாவுக்கு 1976இலும் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. ரங்கநாதனும் விஸ்வநாதனும் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார்கள். இவற்றில் எதையும் பார்க்கத் தனம்மாள் உயிரோடு இல்லை. முதுமையில் பார்வை இழந்த அவருக்குத் தம் பேரப்பிள்ளைகளைக் காதால் கேட்டறிவதே எஞ்சியிருந்தது. விருதுகள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே, அந்த இசை சுத்தமாக இருக்கிறதா என்பதை வேறு எவரையும்விட அவர் அறிந்திருப்பார். ஒரு பாட்டியின் பெருமைக்கு அதைவிட உறுதியான அடிப்படை எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: என் பேரன் டொராண்டோவில் வளர்கிறான். பதினான்கு வயது. பனிச்சறுக்கு ஹாக்கியில் பள்ளி அணியில் இருக்கிறானாம். மகன் பெருமையாகச் சொல்கிறான். எனக்கு அந்த விளையாட்டே தெரியாது. பேரனுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். "நல்லது கண்ணா, சாப்பிட்டாயா?" என்பதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடுகிறது. பெருமைப்பட விரும்புகிறேன், எப்படி என்று தெரியவில்லை.
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: அவனையே ஆசிரியராக்கிவிடுங்கள், அம்மா. ஒரு பக்கத்துக்குக் கோல் காப்பவரோடு ஆறு பேர், உறைந்த தரையில் சறுக்கு காலணியோடு, பந்துக்குப் பதிலாக ரப்பர் வட்டை அடித்து விளையாடுவது அது. பெரியவர்களின் ஆட்டம் 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளாக நடக்கும். இவ்வளவு தெரிந்தால் முதல் கேள்வி கேட்டுவிடலாம்: "நீ எந்த இடத்தில் நிற்பாய்?" அவன் கலப்புத் தமிழில் தடுமாறி விளக்குவான், திருத்தாதீர்கள், சிரிக்காதீர்கள். பாட்டிக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை இருக்கிறது என்று உணர்ந்த பிள்ளை, சொல் தேடியாவது பேசுவான். பாடப்புத்தகத்தில் வராத தமிழ் அப்படித்தான் வளரும். டொராண்டோ கோடையில் நமக்கு ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பிந்தியிருப்பதால், அங்கே விடுமுறை நாள் காலை என்றால் இங்கே மாலை நேரம். மகன் வழியாகப் பேசாமல் வாரம் ஒருமுறை பேரனிடமே நேராகப் பேசும் வேளையாக அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் அப்பாயிக்கு எண்பது வயதாகிறது. அவருடைய கதையைப் பதிவு செய்ய ஆசைப்பட்டு உட்கார்ந்தேன். "உங்கப்பன் இப்படிப் படித்தான், உன் அத்தை அப்படி வேலை வாங்கினாள்" என்றுதான் சொல்கிறார். தன்னைப் பற்றிக் கேட்டால் "என்ன இருக்கிறது சொல்ல?" என்கிறார். எப்படிப் பேசவைப்பது?
— வாசகி, புதுக்கோட்டை

பதில்: பிள்ளைகளின் சாதனையைப் பேசும்போது பல பாட்டிமார் தம்மை முழுவதுமாக விலக்கிக்கொள்கிறார்கள். அது பணிவு மட்டுமன்று. தம் வாழ்க்கையைப் பற்றி அவர்களிடம் யாரும் கேட்டதே இல்லை. 1951 கணக்கெடுப்பின்போது இந்தியப் பெண்களில் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட எழுத்தறிவு பெற்றிருக்கவில்லை. 2011இல் தமிழ்நாட்டுப் பெண்களின் எழுத்தறிவு 73 சதவீதத்தைத் தாண்டியது. அந்த மாற்றம் நடந்த வீடுகளுள் ஒன்றில்தான் உங்கள் அப்பாயி வாழ்ந்திருக்கிறார். அதற்கு அவரே சாட்சி.

"உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் யாருக்குமே பேச்சு வராது. சிறிய, கையில் பிடிக்கத்தக்க கேள்விகளாகக் கேளுங்கள். எந்த வகுப்போடு நின்றீர்கள், நிறுத்தியவர் யார்? முதன்முதலில் கைக்கு வந்த கூலி எவ்வளவு, அதை என்ன செய்தீர்கள்? அப்பாவைப் பள்ளியில் சேர்த்த அன்று யார் கூட்டிக்கொண்டு போனார்கள்? அத்தையின் கல்லூரிக் கட்டணத்துக்கு எதை அடகு வைத்தீர்கள், எப்போது மீட்டீர்கள்? உங்கள் ஊரில் இதைத் தவறாமல் கேளுங்கள்: 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது நீங்கள் போனீர்களா? புதுக்கோட்டை மாவட்டத்தில் கல்குவாரியிலும் வயலிலும் உழைத்த பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்தும் சைக்கிளும் சேர்த்துக் கற்றுக்கொண்ட காலம் அது. உங்கள் அப்பாயி அன்றைக்கு நாற்பதைத் தாண்டியவராக இருந்திருப்பார். சைக்கிள் ஓட்டப் பழகியிருந்தால், அந்த ஒரு கேள்விக்கே அரை மணி நேரம் பேசுவார்.

மகனைப் பற்றிப் பேசத் தொடங்கினால் தடுக்க வேண்டாம். "அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று மட்டும் இடையில் கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்து, தேதியைச் சொல்லி முடித்து, ஒரு பிரதியை வேறோரிடத்திலும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் ஒரே மகனைத் தங்கம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவள் நான். கணவர் இறந்த பிறகு வீட்டை அவன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தேன். இப்போது பின்கட்டு அறையில் இருக்கிறேன். மருந்துக்கும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பல நாள் பேச்சே கிடையாது. வெளியில் சொன்னால் நான் இவ்வளவு நாள் பேசிய பெருமையெல்லாம் பொய்யாகிவிடும். பேரப்பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பேன்?
— வாசகி, சேலம்

பதில்: அம்மா, உங்கள் பெருமை பொய்யன்று. நீங்கள் பாராட்டிய நாளில் அந்த மகன் பாராட்டுக்கு உரியவனாக இருந்திருக்கலாம். இன்று அவன் செய்வது தவறு. இரண்டும் உண்மையாக இருக்க முடியும். நேற்றைய பெருமையைக் காப்பாற்றுவதற்காக இன்றைய மருந்தை விடவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. உடல் தளர்ந்த வயதில் உங்களுக்கு இப்படி நேர்ந்ததை எண்ணி என் மனம் பதைக்கிறது. அதனால் முதலில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

14567 என்ற எண் முதியோருக்கான தேசிய உதவி எண். கட்டணம் இல்லை. இன்றைக்கே அழைத்து உங்கள் நிலையைச் சொல்லுங்கள்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. தம் வருமானத்தாலோ சொத்தாலோ தம்மைக் காத்துக்கொள்ள இயலாத பெற்றோர், பிள்ளைகளிடமிருந்து மாதப் பராமரிப்புத் தொகை கேட்டு விண்ணப்பிக்கலாம். தமிழ்நாட்டில் இதற்கான தீர்ப்பாயம் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையில் இயங்குகிறது. உங்கள் கோட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு அனுப்பியதிலிருந்து 90 நாள்களுக்குள் தீர்க்க வேண்டும் என்றும், தனிச் சூழலில் மேலும் 30 நாள் நீட்டிக்கலாம் என்றும் சட்டம் சொல்கிறது. தீர்ப்பில் மனநிறைவு இல்லையென்றால் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

வீட்டைப் பொறுத்தவரை, பராமரிப்பதாகக் கூறிச் சொத்தைப் பெற்றுக்கொண்டு பின்னர் கைவிட்டால் அந்தப் பத்திரத்தைச் செல்லாதது என்று அறிவிக்க இச்சட்டத்தின் 23ஆம் பிரிவு வழி செய்கிறது. உங்கள் பத்திரத்தில் அத்தகைய நிபந்தனை எழுதப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எழுதப்படாவிட்டாலும் மனம் தளர வேண்டாம். இந்தச் சட்டத்தை முதியோரின் நலன் நோக்கித் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஒரு வழக்கில் கூறியிருக்கிறது. ஆனால், ஒவ்வொரு வழக்கும் பத்திரத்தின் வாசகத்தையும் சூழலையும் பொறுத்தது. எனவே, பத்திர நகலோடு சேலம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குச் செல்லுங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், அங்கே வழக்கறிஞர் உதவி இலவசம்.

பேரப்பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வளர்ந்த பிள்ளைகள் என்றால், யாரிடமும் சொல்வதற்கு முன் அவர்களிடம் சொல்லுங்கள். ஒரே வீட்டில் இருந்தும் அவர்கள் அறியாமல் இருக்கலாம், அல்லது அறிந்தும் தந்தையிடம் பேசத் துணியாமல் இருக்கலாம். மகனோடு பேசிப் பார்க்க ஒருவர் வேண்டும் என்றால், அதற்கு அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் கிடைக்கமாட்டார்கள். ஆனால், மருந்து நின்றிருந்தால் அந்தப் பேச்சுக்காகக் காத்திருக்காமல் முதலில் அந்த எண்ணை அழையுங்கள். அழைத்த பிறகு என்ன நடந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்பதைச் சேர்ந்தே யோசிப்போம்.